மெலிஸின் மாறுநிலைக் கோட்பாடு வார்டில் எதற்கு உதவும்?

வாழ்வில் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவருக்கு நர்ஸ் எப்படித் துணை நிற்கலாம் என்று பேசும், நர்சிங் பாடத்தில் வரும் இந்தக் கோட்பாடு நடைமுறையில் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நர்சிங் பேராசிரியர் அஃபாஃப் மெலிஸ் 1980களிலிருந்து வளர்த்தெடுத்தது இது. 2000-இல் சக ஆய்வாளர்களோடு விரிவாக வெளியிட்டார். தாயாவது, ஊர் மாறுவது, நோயாளியாவது, வேலையிடத்தின் அமைப்பே மாறுவது என நான்கு வகை மாற்றங்களைப் பேசுகிறது.

ஒருவருக்குப் புதிதாக இன்சுலின் எழுதிக்கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடக் கற்றுக்கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் 'இனி நான் சர்க்கரை நோயாளி' என்பதை அவர் மனம் ஏற்றிருக்கிறதா? மெலிஸ் முதலில் பார்க்கச் சொல்வது இந்த விழிப்புணர்வைத்தான். அது இல்லாதவரிடம் எத்தனை முறை சொன்னாலும் ஈடுபாடு வராது. 'இன்சுலின் என்றாலே கடைசிக் கட்டம்' என்று அவர் நம்பினால், அந்த அர்த்தமே தடையாக நிற்கும். அப்புறம் பணம், வீட்டார் துணை, முன்தயாரிப்பு எல்லாம் இந்த மாற்றத்துக்கு உதவுகின்றனவா, தடுக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், டிஸ்சார்ஜ் நாளில்தான் இது மிகவும் தேவை. அன்று தாளை நீட்டுவதற்கு முன், "வீட்டில் நாளைக் காலை என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தடுமாறுகிற இடம் அங்கேயே தெரிந்துவிடும்.