அந்தத் தொடரை அவளுக்குக் காட்டலாமா?

கேள்வி: 'பிக் லிட்டில் லைஸ்' தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். வக்கீலுக்குப் படித்த செலஸ்ட், கணவனிடம் அத்தனை அடி வாங்கியும் ஆலோசகரிடம் அவனுக்கே பரிந்து பேசுவது எரிச்சலாக இருந்தது. என் சித்தி மகளும் இதே ரகம். கை கன்றிப்போயிருக்கிறதே என்று கேட்டால், "அலமாரிக் கதவு இடித்துவிட்டது அக்கா" என்பாள். இந்தத் தொடரைப் பார்க்கவைத்தால் அவளுக்குப் புரியுமா?
- பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி

பதில்: புரியாது. தொடரை முழுக்கப் பார்த்துவிட்டு, "ஐயோ, அந்த ஆள் மிருகம் அக்கா. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை" என்று உங்கள் தங்கை நிம்மதியாக எழுந்துபோகவே வாய்ப்பு அதிகம். தன் வீட்டைவிட மோசமான வீடு ஒன்று கைவசம் இருப்பது, மறைத்து வாழ்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். அதை நாமே கொண்டுபோய்க் கொடுப்பானேன்?

உங்களுக்கு எரிச்சலூட்டிய காட்சிகளை இன்னொரு முறை பாருங்கள். நானும் திருப்பி அடிக்கிறேன், தவறு இருவர் மீதும்தான் என்று செலஸ்ட் ஏன் சொல்கிறாள்? தவறில் பாதியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டால், தான் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை மிஞ்சும். முழுத் தவறும் அவனுடையது என்றால் கிளம்ப வேண்டியதுதான். எங்கே கிளம்புவது? வேலையை விட்டாயிற்று, இரட்டைப் பிள்ளைகள் வேறு. படித்தவள் என்பதால் தனக்குத்தானே இன்னும் திறமையாக வாதாடுகிறாள், அவ்வளவுதான். செலஸ்டாக நடித்த நிக்கோல் கிட்மேனுக்கு 2017இல், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. ஆலோசகரின் சோபாவில் உட்கார்ந்து பாதி வாக்கியத்தை விழுங்கும் அந்தச் சில நிமிடங்களுக்கே கொடுக்கலாம் என்பேன்.

பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது என்றும் செலஸ்ட் நம்புகிறாள். பள்ளியில் ஒரு சிறுமியைத் துன்புறுத்துவது தன் மகன்களில் ஒருவன்தான் என்று தெரியவரும்போது அந்த நம்பிக்கையும் போய்விடுகிறது.

அந்த ஆலோசகர் சொல்லும் யோசனைகளைக் கவனித்தீர்களா? தோழி ஒருத்தியிடம் சொல்லிவை, பிள்ளைகளுக்காக வழக்கு வந்தால் சாட்சி வேண்டும். தனியாக ஒரு வீடு பார்த்துவை. நீங்கள் அந்தத் தோழியாக இருங்கள். அலமாரிக் கதவைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். "ரொம்ப வலிக்கிறதா?" என்று கேளுங்கள். "எந்த நேரமானாலும் நம் வீட்டுக்கு வா" என்று நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். செலஸ்ட் வாடகைக்கு வீடு எடுத்தது கணவனுக்குத் தெரிந்த பிறகு என்ன ஆனது என்று பார்த்தீர்கள் அல்லவா? மனைவி கிளம்பப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது.

சட்டத்தையும் தெரிந்துவைத்திருங்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையோடு வசைச்சொல்லையும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. வீடு கணவன் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். ஆனால் அவளுக்குத் தெரியாமல் அதைச் செய்யாதீர்கள். என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று 181 என்ற உதவி எண்ணை அழைத்து முதலில் நீங்களே விசாரித்துவையுங்கள்.