‘நி’யில் நிறுத்தினால் – கடிதமும் பதிலும்

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறேன். தறிச் சத்தத்துக்கு நடுவே பாட்டு கேட்டு வளர்ந்தவன். மோகனமும் கல்யாணியும் பெயர் தெரியாத காலத்திலேயே பிடிபட்டுவிட்டன. போன மாதம் தங்கச்சி மகன் ஒரு மேற்கத்திய சிம்பொனியைப் போட்டுக் காட்டினான். ஒன்றும் ஒட்டவில்லை. புரியாத பாஷையில் யாரோ பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அதில் வார்த்தையே கிடையாதே, பிறகு ஏன் அப்படித் தோன்றியது? இங்கிலீஷ் தெரிந்திருந்தால் புரிந்திருக்குமா?
– கு., அம்மாப்பேட்டை

அன்புள்ள கு.,

இங்கிலீஷுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ‘பாஷை மாதிரி’ என்றீர்களே, அது சரியான இடத்தில் கை வைத்த பேச்சு.

ஏற்காட்டில் நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே ஒரு மாதா கோயில். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பயிற்சி நடக்கும். ஒருநாள் ஆர்மோனியக்காரர் ஸ ரி க ம என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனார். ‘நி’க்கு வந்தபோது போன் அடித்தது. அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். காப்பித் தோட்டத்து வேலை முடிந்து பேத்தியை அழைத்துப்போக வந்த பாட்டி ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வாய்க்குள்ளேயே மேல் ‘ஸ’வை முனகிவிட்டுப் பேத்தியின் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவருக்குச் சுரங்களின் பெயர் தெரியாது. சொல்ல வந்தது பாதியில் நிற்கிறது என்று மட்டும் தெரிந்திருக்கிறது.

“நேத்து மலை இறங்கும்போது பதினாலாவது வளைவுல, எதிர்ல வந்த பஸ்ஸை...” என்று ஒருவர் நிறுத்திவிட்டால் நமக்கு இருப்புக்கொள்ளுமா? தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். அதுவரை மற்றதையெல்லாம் மனம் கையில் ஏந்தியபடி காத்திருக்கும். ‘நி’யில் நிற்கும்போதும் அதே காத்திருப்புதான்.

ஆராய்ச்சியும் இதன் பக்கத்தில் வந்திருக்கிறது. 2001-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள், இசை பயிலாதவர்களுக்குச் சில கார்டு (chord) வரிசைகளைப் போட்டுக்காட்டினார்கள். கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. பொருந்தாத கார்டு ஒன்று நடுவில் வந்தபோதெல்லாம் மூளையின் புரோக்கா பகுதி அதைக் கவனித்தது. வாக்கிய அமைப்போடு தொடர்புள்ளதாக அறியப்பட்ட பகுதி அது.

அப்படியானால் இரண்டும் ஒன்றேதானா? இல்லை. விஸ்ஸாரியோன் ஷெபாலின் என்ற ரஷ்ய இசையமைப்பாளரை 1953-இலும் 1959-இலும் பக்கவாதம் தாக்கியது. பேசுவதும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் அவருக்குப் பெரும்பாடாகிவிட்டன. அதற்குப் பிறகும் இசை எழுதினார், 1962-இல் ஐந்தாவது சிம்பொனியை முடித்தார், அடுத்த ஆண்டு இறந்தார். அவரைப் பரிசோதித்து எழுதியவர்களில் நரம்பியல் உளவியலாளர் லூரியாவும் ஒருவர். ஷெபாலினைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். ‘தண்ணி வேணும்’ என்று சொல்லவே திணறிய நிலையில் ஒரு மனிதர் ஒரு முழு சிம்பொனியைக் கட்டி நிறுத்தியிருக்கிறார் என்றால், இசையின் இலக்கணம் வேறொரு பெட்டியிலும் பத்திரமாக இருக்கிறது என்றுதானே பொருள்?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ‘மழை பெய்யவில்லை’ என்று எந்த ராகத்தாலும் சொல்ல முடியாது. இசையில் ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது. அதனால் அதை மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. தாய்மொழி வந்த வழியிலேயே, காதில் விழுந்து விழுந்தே இதுவும் வந்துவிடும். நம் சினிமாப் பாட்டுகளுக்கு அடியில் கார்டுகள் ஓடிக்கொண்டேயிருப்பதால் பாதி வழி நீங்கள் வந்தும்விட்டீர்கள்.

உங்களைத் தடுக்கிவிட்டது எது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம் கச்சேரியில் தம்புரா தொடங்கிய ‘ஸ’ கடைசிவரை அசையாது. எவ்வளவு தூரம் போனாலும் வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். சிம்பொனியில் வீடே இடம் மாறும். ஹைடன், மொசார்ட் என்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் காலத்தில், ‘மேஜர்’ என்ற சுர வரிசையில் (நம் சங்கராபரணம் மாதிரி) அமைந்த சிம்பொனிகளின் முதல் பகுதியில் கொஞ்ச நேரத்திலேயே பழைய ‘ப’ புது ‘ஸ’ ஆகி உட்கார்ந்துவிடும். பிறகு அங்கங்கே அலைந்துவிட்டுப் பழைய வீட்டுக்குத் திரும்பும். அசையாத சுருதியில் பழகிய காதுக்கு முதலில் இது தலைசுற்றல்தான்.

தங்கச்சி மகனிடம் மொசார்ட்டின் சிம்பொனி ஒன்றில் முதல் பகுதியை மட்டும் கேட்டு வாங்குங்கள். தறியை நிறுத்திய பிறகு, ராத்திரியில், பதினைந்து நாள் அதையே கேளுங்கள். வேறெதற்கும் தாவ வேண்டாம். தொடக்கத்து ‘ஸ’வை நீங்களே முனகிப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் முனகுவது எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது, எந்த இடத்தில் மறுபடி பொருந்துகிறது என்று எனக்கு எழுதுங்கள்.