மாதவிடாய் நிற்கும் வயதில் சத்து மாத்திரைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டாக்டர் சீட்டு இல்லாமலே மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் வாங்கக்கூடிய மாத்திரைகள், கேப்ஸ்யூல்கள், பொடிகள் பற்றிய கேள்விகள் இவை. இவற்றில் இரண்டு ரகம் உண்டு. எலும்புக்கும் ரத்தத்துக்கும் வேண்டிய சத்துக் குறையை ஈடுகட்டுபவை ஒரு ரகம். உடம்புச் சூட்டையும் வியர்வையையும் தணிப்பதாகச் சொல்லி விற்கப்படுபவை இன்னொரு ரகம். முதல் ரகத்தால் பலன் உண்டு, அளவும் நேரமும் தெரிந்து சாப்பிட்டால். இரண்டாவது ரகத்தில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

வயது 49, ஈரோடு. கடைசியாக மாதவிலக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ராத்திரியில் திடீரென்று முகமும் கழுத்தும் கொதித்து, நைட்டி நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சோயா ஐசோஃப்ளேவோன் கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். இருபது நாள் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை. தொடரலாமா?

இருபது நாளில் தீர்ப்பு சொல்ல முடியாது. சோயா வேலை செய்தால்கூட மெதுவாகத்தான் செய்யும். 12 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'சோயா எக்ஸ்ட்ராக்ட் 100 மி.கி., 40%' என்று போட்டிருந்தால் உங்களுக்குக் கிடைக்கும் ஐசோஃப்ளேவோன், அதாவது சோயாவில் உள்ள ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள், 40 மி.கி. மட்டுமே. ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த அளவு பெரும்பாலும் நாளொன்றுக்கு 40 முதல் 80 மி.கி. அதற்குள்ளும் ஜெனிஸ்டீன் என்ற பகுதி 19 மி.கி. அளவுக்காவது இருந்த தயாரிப்புகளே கூடுதலாகப் பலன் தந்தன. சதவீதமே போடாத அட்டையை நம்பி மூன்று மாதம் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மருந்தில்லாத டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஹாட் ஃப்ளஷ் (திடீரெனச் சூடு பரவி வியர்ப்பது) சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதலாகக் குறைந்திருக்கிறது. டம்மி மாத்திரையிலேயே பலருக்கு நன்றாகக் குறைகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கும் என்று சொல்ல முடிவதில்லை. குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் சோயாவில் உள்ள டெய்ட்ஸீன் என்ற ஐசோஃப்ளேவோனை ஈக்வால் என்ற பொருளாக மாற்றுகின்றன. அந்த பாக்டீரியா எல்லோர் குடலிலும் இல்லை. ஆளுக்கு ஆள் பலன் மாறுவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வட அமெரிக்க மெனோபாஸ் சொசைட்டி 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஹாட் ஃப்ளஷுக்கு சோயா உள்பட எந்தச் சத்து மாத்திரையையும் பரிந்துரைக்கவில்லை.

அப்படியும் முயன்று பார்க்க நினைத்தால் கணக்கு வைத்து முயலுங்கள். காலண்டரில் தினமும் எத்தனை முறை சூடு பரவியது, ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள் என்று குறியுங்கள். முதல் வாரத்தையும் பன்னிரண்டாவது வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, பெரிய வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.

இன்னொன்று: ஒரு வருடம் முழுதாக வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றதாகக் கணக்கு. நான்கு மாத இடைவெளியில் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு இன்னும் உண்டு. இதே சூடும் வியர்வையும் தைராய்டு அதிகமானாலும் வரும் என்பதால் ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள்.

கேப்ஸ்யூலுக்குப் பதிலாக மீல் மேக்கர் சாப்பிட்டால் போதாதா?

புரதத்துக்கு நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் பதப்படுத்தும் முறையைப் பொறுத்து ஐசோஃப்ளேவோன் அளவு பிராண்டுக்கு பிராண்டு மாறும் என்பதால் மருந்துபோல் கணக்கிட முடியாது. முழு சோயா பீன்ஸை ஊறவைத்து வேகவைத்த அரை கப்பில் ஏறக்குறைய 40-50 மி.கி. கிடைக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் சோயாவுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வயது 52. தைராய்டு, கால்சியம், இரும்புச்சத்து மூன்று மாத்திரைகளையும் மறந்துவிடாமல் இருக்க காலையில் காபியோடு சேர்த்துப் போட்டுவிடுகிறேன். சரியா?

மூன்றும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்கின்றன. கால்சியம் இரும்பையும் உள்ளே விடாது. காபியும் தைராக்ஸின், இரும்பு இரண்டையுமே தடுக்கும். இப்படிச் சாப்பிட்டு டி.எஸ்.எச். ஏறி, தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. மாற்ற வேண்டியது நேரத்தைத்தான்.

காலை ஆறு மணிக்கு தைராக்ஸின், வெறும் தண்ணீரில். காபி ஏழு மணிக்கு. இரும்பு மாத்திரை 11 மணிக்கு, எலுமிச்சைச் சாறோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி, பால் வேண்டாம். கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. இரண்டாவது கால்சியம் தேவைப்பட்டால் இரவுச் சாப்பாட்டோடு. ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் போட்டால் உடம்பு ஏற்கும் விகிதம் குறைந்துவிடும்.

அட்டையில் 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்றிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மி.கி. கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும். அசிடிட்டிக்கு நாள்தோறும் பான்டோபிரசோல் போன்றவை சாப்பிடுபவர்களுக்கும், கார்பனேட் மலச்சிக்கல் தருகிறது என்பவர்களுக்கும் கால்சியம் சிட்ரேட் பொருந்தும். அதில் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் கால்சியம் என்பதால் மாத்திரை பெரிதாக இருக்கும்.

உங்கள் வயதில் நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மி.கி. தேவை. மாத்திரையைக் கணக்கில் எடுக்கும் முன் சமையலறையைக் கணக்கில் எடுங்கள். இரண்டு டம்ளர் பால் 480 மி.கி., ஒரு கிண்ணம் தயிர் 120, ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் கூழோ அடையோ செய்தால் 170க்கு மேல். கீரையும் எள்ளுப் பொடியும் சேர்ந்தால் ஒரு மாத்திரைக்கு மேல் தேவைப்படாது. கூடுதலாக விழுங்கினால் எலும்பு கூடுதல் பலமாகாது. அமெரிக்காவின் பெரிய பெண்கள் நல ஆய்வில், 1000 மி.கி. கால்சியத்தோடு வைட்டமின் டி-யும் மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. ஏற்கெனவே கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இரும்பு மாத்திரை எதற்காக என்றும் கேளுங்கள். மாதவிடாய் நின்றபின் ரத்த இழப்பு இல்லை, இரும்புத் தேவையும் குறைகிறது. ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் வருடக்கணக்கில் சாப்பிடுவது தவறு. நின்றபிறகும் ரத்தசோகை இருந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். மாத்திரையால் ஹீமோகுளோபினை மட்டும் ஏற்றிவிட்டால் அந்தக் காரணம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

என் மனைவிக்கு வைட்டமின் டி குறைவென்று சாஷே எழுதிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று நினைத்து மூன்று வாரம் பாலில் கலந்து குடித்துவிட்டார். ஏதாவது ஆகுமா?

ஆகலாம். இன்றே நிறுத்தி, நாளையே டாக்டரைப் பாருங்கள். ஒரு சாஷே 60,000 யூனிட். இருபத்தோரு நாளில் 12,60,000 யூனிட் உள்ளே போயிருக்கிறது. வழக்கமாக எழுதித் தருவது வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம், பிறகு மாதம் ஒன்று அல்லது தினசரி சிறிய அளவு. ரத்தத்தில் கால்சியம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் அதையும் நிறுத்துங்கள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், மந்தம், குழப்பமான பேச்சு இருந்தால் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வைட்டமின் டி கொழுப்பில் தங்கும். இன்று கால்சியம் சரியாக இருந்தாலும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

சாஷே வாங்கும்போதே உறைகளின்மேல் ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தேதி எழுதி வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது. கடைக்காரர்கள் இதை எழுதிக் கொடுத்தால் புண்ணியம்.

ஹார்மோன் மாத்திரை புற்றுநோய் தரும் என்று பயம். அதனால்தான் இயற்கைக் கேப்ஸ்யூல் தேடுகிறேன். வயது 47, ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை கொதிக்கிறது. வகுப்பில் நிற்க முடியவில்லை.

இந்த அளவு தொந்தரவுக்குக் கேப்ஸ்யூலை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். ஹார்மோன் சிகிச்சை ஹாட் ஃப்ளஷை ஏறக்குறைய முக்கால் பங்கு குறைக்கிறது. எந்தச் சத்து மாத்திரையும் அதன் பக்கத்தில்கூட வராது. பயம் பரவியது 2002இல் வெளியான அந்தப் பெண்கள் நல ஆய்வின் முடிவுகளால். அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. அங்கே இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு எட்டுப் பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். அபாயம் பூஜ்யம் என்று சொல்லவில்லை. ஆனால் 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்குப் பொதுவாக நன்மையே அதிகம்.

மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தவர்களுக்கு அது கூடாது. அவர்களுக்கும் வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. எதுவானாலும் மகப்பேறு மருத்துவர் சீட்டில்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் 10 மி.கி. சாப்பிட்டேன். தைராய்டு டெஸ்டில் டி.எஸ்.எச். சட்டென்று குறைந்து, ஹைப்பர் தைராய்டு என்கிறார்கள்.

மருந்து தொடங்கும் முன் டெஸ்டைத் திரும்ப எடுங்கள். உடம்புக்கு நாளொன்றுக்கு வேண்டிய பயோட்டின் 30-40 மைக்ரோகிராம்தான். நீங்கள் சாப்பிட்டது 10,000. பல லேப் கருவிகள் பயோட்டினையே பிடிமானமாக வைத்து அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள், லேபிலும் சொல்லுங்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்டையும் இது ஏமாற்றும் என்பதுதான் கூடுதல் கவலை. பயோட்டின் குறைபாடு அபூர்வம். முடிக்கு ஃபெரிட்டினும் தைராய்டும் பார்த்தால் போதும்.

அமுக்கரா, தண்ணீர்விட்டான் கிழங்குச் சூரணம் நம்ம ஊர் மருந்துதானே, பயமில்லாமல் சாப்பிடலாமா?

அமுக்கராச் சாற்றை 300 மி.கி. வீதம் இரு வேளை எட்டு வாரம் கொடுத்த ஆய்வில் தொந்தரவு குறைந்ததாக வந்திருக்கிறது, ஆனால் ஆய்வு சிறியது. தண்ணீர்விட்டானுக்கும் கையில் இருப்பவை சிறிய ஆய்வுகளே. அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடும், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், அபூர்வமாகக் கல்லீரலைப் பாதித்து மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. சிறுநீர் கறுத்தாலோ உடம்பு அரித்தாலோ அன்றே நிறுத்துங்கள். பிளாக் கோஹோஷ் என்ற அமெரிக்க மூலிகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது ஹாட் ஃப்ளஷைக் குறைக்கிறது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. உலோகம், தாதுக்களைப் புடம்போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் சேர்ந்த எதையும் பதிவுபெற்ற சித்த மருத்துவர் எழுதித் தராமல் தொடாதீர்கள்.

ஆளி விதை?

ஹாட் ஃப்ளஷுக்கு டம்மியைவிட மேலில்லை என்று நல்ல ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. மலச்சிக்கலுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் நல்லது. வறுத்துப் பொடித்து ஒரு மேசைக்கரண்டி, கூடவே நிறையத் தண்ணீர். முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும். ஈவினிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய் கேப்ஸ்யூலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஹாட் ஃப்ளஷுக்கு அது வீண் செலவு.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன். ஹாட் ஃப்ளஷ் தாங்கவில்லை.

டமாக்சிஃபெனே அதைக் கூட்டும். சோயா சாற்றுக் கேப்ஸ்யூல், ரெட் க்ளோவர், 'ஹார்மோன் பேலன்ஸ்' கலவைகள் எதையும் உங்கள் புற்றுநோய் டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிட வேண்டாம். உணவில் அளவான சோயாவுக்குத் தடை இல்லை. மிளகுச் சாறு சேர்த்த குர்குமின் கேப்ஸ்யூல் ரத்தத்தில் டமாக்சிஃபெனின் செயல்படும் வடிவத்தைக் குறைத்ததாக ஒரு சிறிய ஆய்வு உண்டு. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது. ஹாட் ஃப்ளஷுக்கு மாத்திரை எழுதினால் பாராக்செட்டின், ஃப்ளூவாக்செட்டின் வேண்டாம். அவை டமாக்சிஃபெனை வேலை செய்யவிடாது. வென்லாஃபாக்சின் பொருந்துமா என்று கேளுங்கள்.

வயது 38. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எந்தச் சத்து மாத்திரை நல்லது?

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துச் சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று பாருங்கள். இரண்டையும் எடுத்திருந்தால் உங்களுக்கு மாதவிடாய் நின்ற நிலை அறுவை சிகிச்சை நாளிலேயே வந்துவிட்டது. கால்சியமும் வைட்டமின் டி-யும் மட்டும் போதாது. தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் தேவை. எலும்பும் இதயமும் அதை நம்பியிருக்கின்றன. கர்ப்பப்பை இல்லாதவருக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், புரோஜெஸ்டிரோன் சேர்க்க வேண்டியதில்லை.

நின்று இரண்டு வருடம் ஆனபின் லேசாகத் தீட்டுப் பட்டது. ஆன்லைனில் வாங்கிய கேப்ஸ்யூலால் இருக்குமா? நிறுத்திப் பார்க்கட்டுமா?

கேப்ஸ்யூலை நிறுத்துங்கள், ஆனால் காத்திருந்து 'பார்க்க' வேண்டாம். நின்று ஒரு வருடத்துக்குப் பின் ஒரு சொட்டு பட்டாலும் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போய் உள்வழி ஸ்கேன் எடுக்க வேண்டும். கர்ப்பப்பை உள்சவ்வின் தடிமன் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். பெரும்பாலும் சவ்வு மெலிந்ததாலோ பாலிப் என்ற சதை வளர்ச்சியாலோ இருக்கும். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுவேதான்.

போகும்போது டப்பாவையே கொண்டுபோங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண், ஒவ்வொரு பொருளும் எத்தனை மி.கி. என்ற பட்டியல் இரண்டும் அதில் இருக்க வேண்டும். 'சிறப்பு மூலிகைக் கலவை 500 மி.கி.' என்று மொத்தமாக மட்டும் போட்டிருந்தால் உள்ளே என்ன எவ்வளவு என்று டாக்டராலும் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தால் வைட்டமின் ஈ, மீன் எண்ணெய், மூலிகைக் கேப்ஸ்யூல் எதுவானாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.