உடற்பயிற்சிக் கூடத்தில் போன வாரம் எளிதாகத் தூக்கிய எடை இந்த வாரம் கனக்கிறதே, பலம் குறைந்துவிட்டதா அல்லது எல்லாம் மனப்பிரமையா?

இரண்டும் இல்லை. நீங்கள் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள், அல்லது முந்தைய பயிற்சியின் களைப்பு இன்னும் தீர்ந்திருக்காது. ‘மனப்பிரமை’ என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றும் நினைக்கிறேன். எனக்கும் சொன்னார்கள்.

இரவுப் பணி தொடர்ந்து வந்த சமயம் அது. எனக்குப் பழகிப்போன 80 கிலோவை ஸ்குவாட்டுக்காக (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) தோளில் ஏற்றியதுமே முதுகு அமுங்கியது. பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும், “உங்களுக்குப் பயம், அவ்வளவுதான்” என்றார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. அன்று எடுத்த வீடியோவைப் பழைய வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எடைத் தட்டுகள் மாட்டிய கம்பி (பார்) அதே வேகத்தில்தான் மேலே வந்திருந்தது. பலம் குறையவில்லை, கனம்தான் கூடியிருந்தது. பயந்தவள் அத்தனை முறையும் முழுதாக இறங்கி எழுவாளா?

கனம் என்பது தசையில் மட்டும் உணரப்படுவதில்லை. தசைக்கு எவ்வளவு பெரிய கட்டளையை அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதையும் வைத்தே மூளை எடையை மதிப்பிடுகிறது. களைத்த தசைக்குக் கூடுதல் கட்டளை வேண்டும். அதனால் அதே எடை கூடுதலாகக் கனக்கிறது. ஒரு பையைக் கையில் நெடுநேரம் பிடித்திருந்து பாருங்கள், பையில் யாரும் எதையும் போடாமலே கனம் ஏறும்.

அறிவியல் பேசுகிறாள், மருத்துவரா என்று கேட்க வருபவர்களுக்கு: மருத்துவர் அல்ல. ஆனால் 1891-லேயே ஷார்பாந்தியே என்ற பிரெஞ்சு மருத்துவர், ஒரே எடையுள்ள இரண்டு பொருள்களில் சிறியதே அதிகம் கனப்பதாகத் தோன்றும் என்று விளக்கியிருக்கிறார். இரண்டும் ஒரே எடை என்று தெரிந்த பிறகும் அந்த உணர்வு மாறுவதில்லை. அப்படியிருக்க, “எல்லாம் மனதில்தான்” என்று சொல்வதால் யாருக்கு என்ன பயன்?

வலி இருந்தால் நிறுத்திவிடுங்கள். நான் சொல்வது வலியைப் பற்றி அல்ல. வலி இல்லையென்றால், இன்னும் எத்தனை முறை தூக்கியிருக்க முடியும் என்று ஒவ்வொரு செட்டும் (ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று) முடிந்த பின்னும் குறித்து வையுங்கள். வீடியோவும் எடுங்கள். பார் மெதுவாகிவிட்டதென்றால் அன்றைக்கு எடையைக் குறையுங்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை. வேகம் மாறவில்லையென்றால் தொடருங்கள். இன்னொன்று எனக்குப் பலன் தந்தது: தூக்கப்போவதைவிடச் சற்று அதிக எடையை, பாரைத் தாங்கும் சட்டமான ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளைப் பொருத்திக்கொண்டு, தோளில் ஏற்றிச் சில நொடிகள் நின்றுவிட்டு இறக்கிவைப்பேன். அதன்பின் வழக்கமான எடை லேசாகத் தெரியும்.

வீடியோ எடுப்பவர்களைக் கேலி செய்கிறவர்கள், பயிற்சி முடிந்ததும் தட்டுகளைக் கழற்றிவைக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஒரு பக்கம் 20, மறுபக்கம் 15 என்று விட்டுப்போன பாரை அடுத்தவர் பார்க்காமல் எடுத்தால் இடுப்பு போய்விடும். எங்கள் கூடத்தில் இதைப் பலமுறை சொல்லியாயிற்று, இன்றும் அப்படியே கிடந்தது.