டி-ஷர்ட்டில் அச்சடிக்கக் கொடுக்கும் முன்: கேள்வி பதில்

திருப்பூரில் பதினெட்டு வருடமாகப் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சொந்தமாக டி-ஷர்ட் அடிக்க நினைப்பவர்களின் சந்தேகங்களைக் கேட்கச் சொன்னேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

திருச்சி, கல்லூரி மாணவி: எங்கள் துறைக்கு 120 டி-ஷர்ட் வேண்டும். ஒருவர் 170 ரூபாய் சொல்கிறார், இன்னொருவர் 260 சொல்கிறார். படம் ஒன்றுதான். யார் ஏமாற்றுகிறார்கள்?

இருவருமே ஏமாற்றாமல் இருக்கலாம்மா. துணி வேறாக இருக்கும். முதலில் ஜி.எஸ்.எம். கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. ரவுண்ட் நெக்குக்கு 180 நல்ல கனம். 140 என்றால் வெயிலில் நின்றால் உள்ளே போட்டிருப்பது தெரியும். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசில் வையுங்கள். 1.8 கிராம் காட்டினால் அது 180.

அடுத்தது பயோ வாஷ். நொதி போட்டு மேல் பிசிறைத் தின்ன வைப்பார்கள். அது செய்யாத துணி நாலு துவைப்பில் உருண்டை உருண்டையாகக் கிளம்பும். மூன்றாவது காம்பேக்டிங், அதாவது துணியை முன்கூட்டியே சுருக்கி அழுத்துவது. அதைச் சரியாகச் செய்யாத பனியன் துணி நீளவாக்கில் சுருங்கும். 28 அங்குலம் வாங்கியது 26 ஆகிவிட்டது என்று வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

சாயமும் விலையில் சேரும். நொய்யலில் கழிவு கலந்ததற்காக 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் இங்கே சாய ஆலைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்று ஆனது. சாயக் கூலியில் அந்தச் செலவு உட்கார்ந்திருக்கிறது, அது நியாயமான செலவு.

கடைசியாக, கறுப்புத் துணியில் மஞ்சள் எழுத்து என்றால் ஒரு கலர் என்று கணக்குப் போடாதீர்கள். அடியில் வெள்ளை அடித்தால்தான் மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மை இறங்கும் வலைச் சட்டம். ஆக இரண்டு ஸ்கிரீன்.

120 பீஸுக்கும் பணம் கட்டும் முன் ஒரே ஒரு பீஸ் அடித்து வாங்கி, மூன்று முறை துவைத்துப் பாருங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

மதுரை: லோகோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா?

போட்டோவாக அனுப்பினால் சுருங்கி வரும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். லோகோ வரைந்தவரிடம் வெக்டர் ஃபைல் (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத படம்) கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

தஞ்சாவூர்: தமிழ் வாசகம் போடுகிறோம். தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை. டிசைன் மென்பொருளில் இந்திய மொழி அமைப்பை மாற்றாமல் ஒட்டினால் கொம்பு இடம் மாறிவிடும். எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது பின்னால் போய் நிற்கும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் செய்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். அதனால் எழுத்தைக் கர்வ்ஸ் ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றி அனுப்புங்கள்.

அடுத்த ஆபத்து புள்ளி. சின்னப் புள்ளி ஸ்கிரீன் வலையில் சரியாகத் திறக்காது, மை இறங்காது. ஒரு கோயில் திருவிழாவுக்கு 200 பனியன் அடித்தேன். 'இளைஞர்கள்' என்பதில் கடைசிப் புள்ளி பாதிப் பீஸில் இல்லை. 'இளைஞர்கள' என்று முதுகில் போட்டுக்கொண்டு தேர் இழுத்தார்கள். அந்த வேலைக்கு நான் பணம் வாங்கவில்லை, இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. அதற்குப் பிறகு புள்ளி ஒரு மில்லிமீட்டர் விட்டமாவது இல்லாமல் நான் ஸ்கிரீன் போடுவதில்லை.

ஈரோடு: 'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா?

தமிழாசிரியரிடம் கேளுங்கள். எது என்றாலும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

நாமக்கல், கபடிக் குழு: சிவப்பு ஜெர்சியில் வெள்ளை நம்பர் அடித்தோம். ஒரு வாரத்தில் ரோஸ் கலர் ஆகிவிட்டது. மை மட்டமா, அண்ணா?

மை மேல் குற்றமில்லை தம்பி. உங்கள் ஜெர்சி பாலியஸ்டர். அதன் சாயம் சூட்டில் ஆவியாகி மேலே ஏறும். பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் வகை மையை 160 டிகிரி அளவில் சுடும்போதே சிவப்பு வெள்ளைக்குள் புகுந்துவிடும். அன்றைக்குத் தெரியாது, நாளாக ஆகத் தெரியும். சாயத்தைத் தடுக்க அடியில் அடிக்கும் மையும் குறைந்த சூட்டில் காயும் மையும் கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை வெள்ளைப் பாலியஸ்டர் வாங்கி, சிவப்பையும் நம்பரையும் சேர்த்தே சப்ளிமேஷனில், அதாவது சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றும் முறையில், போடுங்கள். பருத்தியில் சப்ளிமேஷன் நிற்காது, அதையும் நினைவில் வையுங்கள். ஒரு பீஸ் முன்னாலேயே அடித்துப் பத்து நாள் வைத்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

சென்னை: மகள் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு டி-ஷர்ட். முடியுமா?

ஸ்கிரீனில் கட்டாது. டி.டி.எஃப்., அதாவது படத்தை ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் துணியில் ஒட்டும் வேலை, போடுபவரிடம் கொடுங்கள். பெரிய கட்டமாகப் படம் வேண்டாம், பிளாஸ்திரி ஒட்டினது மாதிரி இருக்கும்.

கோவை, டி.டி.எஃப். பட்டறை வைத்திருப்பவர்: அண்ணா, இது நியாயமில்லைங்க. ஒரு பீஸும் போடலாம், எத்தனை கலரும் போடலாம். உங்கள் ஸ்கிரீனில் எட்டுக் கலர் போட்டோ அடிக்க எட்டு ஸ்கிரீன் வேண்டும். ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பயமுறுத்தவில்லைங்க. நெஞ்சில் கையளவு லோகோவுக்கு நானே டி.டி.எஃப்.-க்கு அனுப்புகிறேன். ஆனால் ஏ-3 அளவில் முழுக் கட்டம் ஒட்டினால் காற்று போகாது. மே மாதம் வேலூரில் அதைப் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள்.

சென்னை, மாரத்தான் ஓடுபவர்: அவர் சொல்வது உண்மை. பத்து கிலோமீட்டரில் நெஞ்சுப் பக்கம் மட்டும் நனைந்து ஒட்டிக்கொண்டது.

கோவைக்காரர்: அது டிசைன் போட்டவர் தவறு. நடுவில் இடைவெளி விட்டால் காற்று போகும். பிளாஸ்டிசாலும் ரப்பர் மாதிரித்தானே? அதில் மட்டும் காற்று போகுமா?

இது சரியான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். கனமாக அடித்த பிளாஸ்டிசாலும் மூச்சு விடாது. அதனால்தான் வெளிர் துணிக்கு நான் தண்ணீர் பிக்மெண்ட், அதாவது தண்ணீரில் கலந்த மை, அடிக்கிறேன். தடவினால் துணிதான் கையில் படும். நீங்கள் சொன்ன இடைவெளியும் நல்ல வழி. அதை வாடிக்கையாளரிடம் நாம்தான் சொல்ல வேண்டும், அவர் படத்தோடு மட்டும் வருவார்.

கோவைக்காரர்: துவைப்பில்?

இழுத்துப் பார்த்தால் தெரியும். சரியாகச் சுட்ட பிளாஸ்டிசால் துணியோடு நீண்டு திரும்பும், சரியாகச் சுடாதது வெடிக்கும். டி.டி.எஃப். ஓரத்தில் கிளம்புவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் கிளம்பாது என்கிறீர்கள். ஒரே ரோல் துணியில் இரண்டு பீஸ் தைத்து ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் ஒட்டி அனுப்புங்கள், நான் ஸ்கிரீனில் அடிக்கிறேன். 25 துவைப்பு முடிந்ததும் இரண்டையும் படம் எடுத்துப் போடுகிறேன்.

கோவைக்காரர்: சம்மதம்.

விழுப்புரம்: 50 பீஸ், எவ்வளவு ஆகும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கரூர்: ஒரு டி-ஷர்ட் என்ன விலை வரும்?

முதல் பதில். ஜி.எஸ்.எம்., எத்தனை கலர், எந்தத் துணி நிறம், இந்த மூன்றும் சொல்லாமல் விலை சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கடலூர்: சைஸ் எப்படிச் சொல்வது? எல்லோரும் எல் என்கிறார்கள்.

எழுத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எல் 40, இன்னொன்றின் எல் 42. நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரட்டிப்பாக்கி அங்குலத்தில் கொடுங்கள்.

திருநெல்வேலி: ரசிகர் மன்றத்துக்கு நடிகர் படமும் கிரிக்கெட் அணி லோகோவும் போட்டு 500 பீஸ் விற்கலாமா?

அனுமதிக் கடிதம் இருந்தால் அடிக்கிறேன். லோகோவுக்கு வணிகக்குறிச் சட்டம் இருக்கிறது, படத்துக்குக் காப்புரிமை இருக்கிறது. நீங்களும் மாட்டுவீர்கள், அடித்தவனும் மாட்டுவான்.

அரியலூர்: நாளை மறுநாள் விழா. 80 பீஸ் முடியுமா அண்ணா? ரேட் எவ்வளவு?

80 பீஸ் ஒரு நாளில் அடிக்கலாம். ஆனால் மாதிரி பீஸ் துவைத்துப் பார்க்க உங்களுக்கு நாள் இல்லை. இங்கே திருப்பூர் காதர்பேட்டை பனியன் சந்தையில் நல்ல பனியன் ரெடி ஸ்டாக் கிடைக்கும். பிளெயினாக வாங்கிப் போட்டு விழாவை நடத்துங்கள். அடுத்த வருடம் பத்து நாள் முன்னால் வாங்க.