குயர் சமூகத்துக்குள் (ஓரினச்சேர்க்கையாளர், திருநர் போன்றோர்) ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதைப் புகைப்படம் எடுக்க ஆசை. திருகோணமலை போன்ற சின்ன ஊரில் எப்படிச் செய்வது?

திருகோணமலையில் குயர் நண்பர்களுக்கு நடுவே இருந்து படம் எடுப்பவள் நான். என்னைக் கேட்டால், ஆட்களை விட்டுவிட்டு அவர்கள் செய்யும் வேலையிலிருந்து தொடங்குங்கள்.

அக்கறை என்றதும் பலர் கட்டிப்பிடிப்பதையும் சிரிப்பதையும்தான் எடுக்கிறார்கள். நான் பார்த்த அக்கறை பெரும்பாலும் அலுப்பான வேலைகளாகத்தான் நடக்கிறது. வீட்டால் துரத்தப்பட்ட தம்பிக்கு அறையில் பாய் விரிப்பது. கிளினிக் போகும் தோழியோடு இரவு பஸ்ஸில் கொழும்பு வரை போய், பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் எழும்பி நிற்பது. திருநர்கள் தங்கள் அடையாளப் பத்திரங்களில் பாலினத்தை மாற்ற உதவும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் இலங்கையில் 2016இல் வந்தது. அதை ஏற்கெனவே எடுத்த அக்கா ஒருவர், அடுத்தவளுடைய கடதாசிகளை மேசையில் பரப்பி ஒழுங்குபடுத்துவது. இதற்கெல்லாம் முகமே தேவையில்லை. கைகள் போதும்.

முகத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கலாம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்குகின்றன. அவற்றைத் திருத்தி அதைக் குற்றமல்லாததாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது சட்டமாகவில்லை.

அதோடு, எங்கள் ஊரில் முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. டச் பே கடற்கரையில் நிற்பவரின் முதுகைப் பார்த்தே இன்னாருடைய பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். வளையல், ஸ்கூட்டர் நம்பர், யன்னல் சீலை, பின்னால் தெரியும் கோபுரம், எல்லாம் காட்டிக்கொடுக்கும். போன் கமராவில் இடத்தைப் பதியும் வசதியை முதலில் நிறுத்துங்கள். அப்புறம், தயவுசெய்து முகத்தில் கட்டம் போட்டு மங்கலாக்காதீர்கள். அது குற்றவாளிக்குச் செய்வது. வெளிச்சம் அவருக்குப் பின்னால் வரும்படி நிற்கவைத்தால் மறைவும் கிடைக்கும், அந்த ஆளுக்கு மரியாதையும் இருக்கும்.

புகைப்படக் கலைஞர் சுனில் குப்தா 1980களில் டெல்லியில் ஓரினச்சேர்க்கை ஆண்களை எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். பலருடைய முகம் தெரியாது, ஆனாலும் அவர்கள் நிற்கும் ஊர் அவர்களுடையது என்று புரியும். இன்னொரு புகைப்படக் கலைஞர் கிடியன் மெண்டல் 1993இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் எய்ட்ஸ் வார்டுகளில் எடுத்தவை எனக்கு இன்னும் நெருக்கம். பயனுள்ள சிகிச்சை வருவதற்கு முந்திய காலம் அது. தொடவே பலர் பயந்த நாட்களில், காதலனும் தாதியும் நோயாளியை அணைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படங்களில் நோயைவிட அந்தக் கைகள்தான் முன்னுக்கு வருகின்றன.

சம்மதத்தை ஒருமுறை கேட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். எடுக்கும்போது கேளுங்கள், வெளியிடும் முன் திரும்பக் கேளுங்கள். தங்கைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், அந்தப் படம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அது உங்களுடைய மிகச் சிறந்த படமாக இருந்தாலும் அழித்துவிடுங்கள்.

பிரிண்ட் போட்டு முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். சிலரால் அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவர்களுடையதை, நாங்கள் கூடும் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் பெயர் போடாமல் வைத்திருக்கிறோம். வரும்போது எடுத்துப் பார்ப்பார்கள். நீங்களும் அப்படி ஓர் இடத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.