வாங்கமுதல் கேளுங்கள்: இந்த முறை இயர்போன்

காலபோக அறுவடைக் காசு கைக்கு வரத் தொடங்கியதும் இயர்போன் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: கடையில் காதில் வைத்துக் கேட்டபோது பாஸ் அதிர்ந்தது. வீட்டுக்கு வந்து புதுப் பெட்டியை உடைத்துக் கேட்டால் வெறும் தகரச் சத்தம். கடைக்காரர் வேறு சாமானைத் தந்துவிட்டாரா? (பரந்தன்)

பதில்: அவர்மேல் பழி போட முன்னம், இயர்போனின் முனையில் காதுக்குள் போகிற ரப்பரை மாற்றிப் பாருங்கள். கடையில் கேட்கவென்று வைத்திருந்ததில் பெரிய ரப்பர் மாட்டியிருந்திருக்கும். புதுப் பெட்டியில் வழக்கமாக நடுத்தர அளவுதான் மாட்டி வரும். காதுக்குள் வைக்கிற இயர்போனில் இருப்பது மிகச் சின்ன ஸ்பீக்கர். அது தள்ளுகிற காற்று கொஞ்சம்தான். துவாரம் வடிவாக மூடப்பட்டிருந்தால்தான் பாஸ் செவிப்பறைக்குப் போய்ச் சேரும். ஓரத்தில் மெல்லிய இடைவெளி இருந்தாலே போதும், தாழ்ந்த சத்தம் எல்லாம் அதால் வெளியே போய்விடும். மிஞ்சுவது கீச்சென்ற மேல்சத்தம்.

சோதித்துப் பார்ப்பது லேசு. பாட்டை ஓடவிட்டு, இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பாஸ் கூடி, விரலை எடுத்ததும் குறைந்தால் ரப்பர் உங்கள் காதை மூடவில்லை. ஓர் அளவு பெரியதைப் போடுங்கள். வைக்கிற முறையும் முக்கியம். வலது காது என்றால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், மடலின் மேற்பக்கத்தைப் பிடித்து மேலேயும் பின்னாலும் இழுங்கள். வளைந்திருக்கிற துவாரம் நேராகும். அந்த நேரம் மற்றக் கையால் இயர்போனைச் சற்றே முறுக்கி உள்ளே விட்டு, மடலை விடுங்கள். வெளிச் சத்தம் சட்டென்று அடங்கினால் சரி. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று இல்லை. இடதுக்கு நடுத்தரம், வலதுக்குச் சின்னது என்று போடுகிறவர்கள் நிறையப் பேர்.

இந்த ரப்பர் விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. வவுனியாவில் ஒரு கடையில் இயர்போன் வாங்கினேன். மூன்று அளவு ரப்பர் உள்ளே இருப்பதாகப் பெட்டியில் படமே போட்டிருந்தது. வீட்டில் உடைத்தால் மாட்டியிருந்த ஒரு சோடியைத் தவிர ஒன்றும் இல்லை. திருப்பிக் கொண்டுபோனேன். "பெட்டி உடைச்சாச்சு, இனி ஒண்டும் செய்யேலாது" என்றார்கள். உடைக்காமல் உள்ளே இல்லாததை எப்படிக் காண்பது? அந்தச் சோடி என் காதில் நிற்கவே இல்லை. நல்ல ஸ்பீக்கர் உள்ள இயர்போன், கொடுத்த காசு முழுவதும் ஒரு துண்டு ரப்பரால் வீண். அதிலிருந்து எவர் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: காசை நீட்ட முன்னம், கடைக்காரர் முன்னாலேயே பெட்டியை உடைத்துச் சோடிகளை எண்ணுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பெட்டிக்கு மின்னும் வெளிச்சமும் மூடிக்குக் காந்தமும் வைக்கத் தெரிந்த கம்பனிகள், சத்தத்தையே தீர்மானிக்கிற ரப்பரை மட்டும் கண்டகண்ட பிளாஸ்ரிக்கில் செய்து போடுகின்றன. விலை கூடிய இயர்போன்களிலும் இதே கதையைப் பார்க்கிறேன்.

தனியாக ரப்பர் வாங்கப் போனால் உங்கள் இயர்போனையும் கையோடு கொண்டுபோங்கள். ரப்பர் மாட்டுகிற குழாயின் தடிப்பு எல்லாவற்றிலும் ஒன்றல்ல. எந்த சிலிக்கன் ரப்பரும் நிற்காத காதுக்கு ஸ்பொஞ்சில் செய்தது கிடைக்கும். விரல்களால் உருட்டி நசித்து உள்ளே வைத்தால் அது விரிந்து துவாரத்தை நிறைக்கும். வியர்வையிலும் புழுதியிலும் சில மாதங்களில் பழுதாகிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: எல்டாக் உள்ள இயர்பட் என்று கூடக் காசு கொடுத்து எடுத்தேன். என் ஐபோனில் அது வேலை செய்யவில்லை. (மல்லாவி)

பதில்: செய்யாது. எல்டாக் என்பது புளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்புகிற ஒரு முறை, ஐபோன் அதை ஏற்பதில்லை. போன், இயர்பட் இரண்டிலும் இருந்தால்தான் அது ஓடும். வாங்க முன்னம் ஒரு நிமிடம் தேடியிருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

கேள்வி: 13 மில்லிமீற்றர் டிரைவர் உள்ளது, 10 உள்ளதைவிட நல்லதா? (நெடுங்கேணி)

பதில்: டிரைவர் என்பது உள்ளே இருக்கிற ஸ்பீக்கர்தான், அதன் அளவை வைத்துச் சொல்ல முடியாது. பெட்டியில் போட்டிருக்கும் "20 – 20,000 ஹெர்ட்ஸ்" என்ற, தாழ்ந்த சத்தம் முதல் மேல்சத்தம் வரையான எல்லையும் அப்படித்தான். அந்த எல்லைக்குள் எந்தச் சத்தம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்று சொல்லாத வரை அதை வைத்து எதையும் தெரிவு செய்யாதீர்கள்.

கேள்வி: முகநூல் பக்கம் ஒன்றில் அப்பிள் கம்பனியின் இயர்பட்டை "ஒரிஜினல் ஏர்பொட்ஸ், பாதி விலை" என்று கண்டு ஓடர் பண்ணினேன். காசு கொடுத்த பிறகுதான் பார்சலை உடைக்க விட்டார்கள். ஒரு கிழமையில் ஒரு பக்கம் செத்துப்போனது. கேட்டதற்கு என்னை புளொக் பண்ணிவிட்டார்கள். ஆடைத் தொழிற்சாலைச் சம்பளத்தில் சேர்த்த காசு. என்னுடைய பிழைதானே? (புதுக்குடியிருப்பு)

பதில்: இல்லை, தங்கச்சி. பொய் சொல்லி விற்றவரின் பிழை. உழைத்த காசில் ஆசையாக ஒன்று வாங்கியதற்கு நீங்கள் ஏன் தலைகுனிய வேண்டும்?

இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாவிட்டால் தோழி ஒருத்தியின் போனில் திறந்து, விளம்பரத்தையும் விலையையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். உங்களுக்குள் நடந்த உரையாடலையும் எடுங்கள். பார்சலில் ஒட்டியிருந்த துண்டில் அனுப்பியவரின் தொலைபேசி இலக்கம் இருக்கும், அதை எறிந்துவிடாதீர்கள். பிறகு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். அழைப்போடு விடாமல் எழுத்திலும் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். நிறையப் பேர் தவறவிடுவது இந்த 3 மாதத்தைத்தான். காசு முழுவதும் திரும்பும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் அந்த விற்பனையாளரின் தொலைபேசி இலக்கத்தின்மேல் ஏற்கனவே வேறு முறைப்பாடுகள் இருந்தால் உங்களுடையது அதற்குப் பலம் சேர்க்கும்.

மற்றவர்களுக்கும் ஒன்று. மூடியைத் திறந்ததும் ஐபோனில் படம் மேலெழுவதை வைத்து அசல் என்று நம்பாதீர்கள், போலியிலும் அது வரும். தொடரிலக்கமும் சான்றாகாது, ஓர் அசலின் இலக்கத்தையே எத்தனையோ போலிகளில் அச்சடிக்கிறார்கள். ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 16 முதல், அசல் என்று உறுதிப்படுத்த முடியாத ஏர்பொட்ஸை இணைத்தால் ஐபோனே எச்சரிக்கை காட்டுகிறது. கைமாற்றாக வாங்குகிறவர்கள் ஐபோன் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு காதில் மட்டும் வைத்தால் பிரச்சினை இல்லைத்தானே? (மாங்குளம்)

பதில்: ஏ9 வீதியில் பின்னால் வருகிற ரிப்பர் லொறியின் ஹோர்ண் உங்களுக்கு இரண்டு காதாலும் கேட்க வேண்டும். கழற்றுங்கள்.

கேள்வி: இரண்டு இயர்போன்களில் எது நல்லது என்று எப்படி ஒப்பிடுவது? கடையில் வைத்துக் கேட்டால் எல்லாமே நல்லாய்த்தான் இருக்கிறது. (வவுனியா)

பதில்: நல்ல கேள்வி, இப்படிக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. முதலில் இரண்டுக்கும் உங்கள் காதை மூடுகிற அளவு ரப்பரைப் போடச் சொல்லுங்கள். கடையின் ரப்பரைக் காதில் வைக்க மனமில்லாவிட்டால் உங்களுடையதைக் கொண்டுபோங்கள், பொருந்தினால் நல்லது.

அடுத்தது சத்த அளவு. இரண்டு இயர்போன்களை ஒரே போனில் ஒரே அளவில் வைத்துக் கேட்டால், ஒன்று மற்றதைவிடச் சத்தமாக இருக்கும். சத்தமானதுதான் நல்லது என்று காது நினைக்கும். காரணம் இருக்கிறது. சத்தம் குறையும்போது நம் காது பாஸை மற்றவற்றைவிடக் கூடுதலாக இழக்கிறது. பிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். ஆகவே பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே அளவாகக் கேட்கும்வரை கூட்டிக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். கடைக்காரர் விற்க நினைப்பதை ஒரு படி கூட்டி வைத்துக் காட்டுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். போனை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

எந்தப் பாட்டு? நேரில் கேட்டுப் பழகிய ஒன்று. வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் பக்கத்தில் நின்று தவில் கேட்டவர் என்றால் தவில், நாதஸ்வரப் பதிவொன்றைக் கொண்டுபோங்கள். கம்பால் அடிக்கிற தொப்பிப் பக்கம் ஆழமாகக் கேட்டு உடனே நிற்க வேண்டும். குமைந்து இழுபட்டால் அது வெறும் பாஸ் ஊதல். கூடு போட்ட விரல்கள் விழுகிற வலந்தலைச் சொற்கள் ஒவ்வொன்றும் பிரிந்து கேட்க வேண்டும். நாதஸ்வரம் மேல்ஸ்தாயிக்குப் போகும்போது காதைக் குத்தினால் அந்த இயர்போனை ஒரு மணித்தியாலம் வைத்திருக்க உங்களால் முடியாது. பிறகு செய்தி வாசிப்பைக் கொஞ்சம் கேளுங்கள். 'ஸ', 'ஷ' எழுத்துகள் சீறினால் அதுவும் களைப்பைத் தரும். இருபது, முப்பது விநாடித் துண்டை மாற்றி மாற்றிக் கேட்டால் போதும். முழுப் பாட்டையும் கேட்டு முடிப்பதற்குள் முதலாவது எப்படி இருந்தது என்பது மறந்துவிடும்.

"ஓட ஓடத்தான் சத்தம் திறக்கும்" என்று சொல்லி விற்பார்கள். பெரும்பாலும் பழகுவது உங்கள் காதுதான். அதற்கிடையில் மாற்றித் தருகிற நாட்கள் முடிந்துவிடும். முதல் நாளே பிடிக்காவிட்டால் முதல் நாளே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: நெல் ஆலையில் வேலை. இரைச்சலுக்கு மேலால் பாட்டுக் கேட்க முழுச் சத்தத்தில் வைக்கிறேன். இன்னொன்று, இயர்போன் போட்டால் என் குரல் குடத்துக்குள் கதைக்கிற மாதிரிக் கேட்கிறது. பழுதா? (கிளிநொச்சி)

பதில்: குரல் அப்படிக் கேட்டால் ரப்பர் நன்றாக மூடியிருக்கிறது என்று அர்த்தம். எலும்பு வழியாகக் காதுக்குள் வருகிற உங்கள் குரல் வெளியேற வழியில்லாமல் பெருத்துக் கேட்கிறது. பழுதில்லை.

முதலாவதுதான் எனக்குப் பயம். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணித்தியாலம், 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு எல்லை வைத்திருக்கிறது. ஆலை இரைச்சலுக்கு மேலால் பாட்டை ஏற்றினால் அந்த எல்லை சீக்கிரம் தாண்டிவிடும். போன கேள்விப்புலன் திரும்பாது, தம்பி. வேலை நேரத்தில் பாட்டை விட்டுவிட்டு, காதுக்கான பாதுகாப்புக் கவசத்தை முதலாளியிடம் கேளுங்கள். இரைச்சலைக் குறைக்கிற இயர்பட் வாங்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். பஸ் எஞ்சின் மாதிரி ஒரே சீரான தாழ்ந்த சத்தத்தை அது நன்றாகக் குறைக்கும். ஆனால் அது பாதுகாப்புக் கவசமாகாது.

கேள்வி: ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தது. வாய்க்காலில் குளிக்கும்போது கழற்ற மறந்துவிட்டேன். இப்போது வேலை செய்யவில்லை. கடையில் மாற்றித் தரமாட்டார்களாம். (இரணைமடு)

பதில்: தரமாட்டார்கள், தரவும் தேவையில்லை. ஐபிஎக்ஸ்4 என்பது தெறிக்கிற நீரைத் தாங்கும் என்பது மட்டும். தண்ணீருக்குள் தாழ்ந்து தப்ப ஐபிஎக்ஸ்7 வேண்டும், அதுவும் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் வரைக்கும்தான். நடுவில் உள்ள எக்ஸ், புழுதிக்குச் சோதிக்கவில்லை என்பதைக் குறிக்கும். நம்முடைய செம்புழுதியில் அதையும் பார்த்து வாங்க வேண்டும்.

கேள்வி: மாமா கனடாவில் இருந்து கொண்டுவந்த இயர்பட். சார்ஜ் ஏறவில்லை. ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறது. இங்கே எங்கே கொடுப்பது? (துணுக்காய்)

பதில்: பெரும்பாலான கம்பனிகளின் உத்தரவாதம் வாங்கிய நாட்டில்தான் செல்லும். மாமாவிடம் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அடுத்ததாகக் கனடா போகிறவரிடம் கொடுத்தனுப்பலாம். அதற்கு முன் பெட்டிக்குள் இருக்கிற சார்ஜ் ஊசிகளையும் இயர்பட்டின் அடியில் உள்ள பித்தளை நிறப் பொட்டுகளையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துப் பாருங்கள். வியர்வை உப்புப் படிந்தால் சார்ஜ் ஏறாது.

கேள்வி: இடது பக்கம் சத்தம் வரவரக் குறைகிறது. கடையில் "புதுசு வாங்குங்கோ" என்கிறார்கள். (ஒட்டுசுட்டான்)

பதில்: வாங்க வேண்டாம். ரப்பரைக் கழற்றிவிட்டு, குழாயின் வாயில் உள்ள சின்ன வலையை வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் குறும்பி அடைத்திருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கப் பிடித்து, உலர்ந்த மெல்லிய பல்துலக்கியால் தட்டித் தட்டித் துடையுங்கள். மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளே விழும். ஊசியால் குத்தினால் வலை கிழிந்து ஸ்பீக்கருக்கும் சேதம் வரும். ரப்பரை மட்டும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் காயவைத்து மாட்டுங்கள். அதற்குப் பிறகும் குறைவாகவே கேட்டால் இடதையும் வலதையும் காது மாற்றி வைத்துப் பாருங்கள். குறை இயர்போனோடு போகாமல் இடது காதிலேயே நின்றால், ஆஸ்பத்திரியில் காதைக் காட்ட வேண்டும்.